கம்புத் துரு, கத்தரித் துரு, நெல்லில் இல்லாத துரு

ராமநாதபுரம் கடலோர ஊர்களிலிருந்து பயிர்த் துருநோய் பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில்கள்.

சாயல்குடி: கம்பு இலையில் செங்கல் நிறத்தில் தூள். பூச்சியா, நோயா?

துருநோய், பூஞ்சையால் வருவது. கத்தரி இலையில் வரும் துருவும் இதே பூஞ்சைதான். இலைத்தோலைக் கிழித்துக்கொண்டு சின்னச் சின்னக் கொப்புளங்கள் வெடித்திருக்கும். விரலால் தேய்த்தால் தூள் ஒட்டும், அத்தனையும் வித்துகள். இரவுப் பனி இலையில் நின்றால் முளைத்து இலைத்துளை வழியாக உள்ளே போய்விடும். கதிர் முற்றியபின் வந்தால் மணிக்கு அதிக நஷ்டமில்லை, தட்டைதான் தீவனத்துக்குக் கெடும்.

திருவாடானை: நெல்லில் துரு. என்ன மருந்து?

கோதுமை, சோளம், மக்காச்சோளம், கம்பு, கரும்பு எல்லாவற்றுக்கும் துருப்பூஞ்சை உண்டு, நெல்லுக்குக் கிடையாது. உவர் மண்ணில் நெல் இலை துருவேறியது போலத் தெரிந்தால் துத்தநாகக் (சிங்க்) குறைவைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். தேய்த்துப் பாருங்கள், தூள் வராது. நடவுக்கு முன் ஏக்கருக்கு 10 கிலோ சிங்க் சல்பேட்டை மணலோடு கலந்து தூவுவது வழக்கம். பூஞ்சைமருந்து வாங்காதீர்கள்.

உச்சிப்புளி: அருகம்புல்லில் இருக்கும் துரு கம்புக்கு வருமா?

வராது. அது பக்சீனியா சைனோடோன்டிஸ், வேறு இனம்.

தேவிபட்டினம்: மிளகாய் இலையடியில் வெள்ளைத் தூள்?

சாம்பல் நோயாக இருக்கலாம். தோட்டக்கலை அலுவலரிடம் இலையைக் காட்டுங்கள்.

கடலாடி: கம்புத் துருவும் கத்தரி இலையில் வருவதும் ஒன்றே என்கிறீர்களே, எப்படி?

இந்தப் பூஞ்சைக்கு இரண்டு வீடு. கம்பில் செந்தூள் பரவி, பிறகு கறுத்த தழும்பில் இரண்டு அறை கொண்ட தடித்த வித்து உண்டாகும். அது முளைத்து விடும் நுண்வித்து கம்பைத் தொற்றாது, கத்தரியைத்தான் தொற்றும். கத்தரி இலையைத் திருப்பினால் அடியில் ஆரஞ்சு நிறக் கிண்ணங்கள் கூட்டமாக இருக்கும். அவற்றின் வித்து திரும்பக் கம்புக்குப் போகும். இப்படி இரண்டு இடத்தில் இரண்டு உருவமாக இருப்பதால்தான் துருப்பூஞ்சைகளுக்கு அந்தக் காலத்தில் தனித்தனிப் பெயர் வைத்தார்கள். 2011 மெல்பர்ன் தாவரவியல் மாநாட்டில் ஒரு பூஞ்சைக்கு ஒரே பெயர் என்று முடிவானது. கம்பு, கத்தரித் துருவின் பெயர் பக்சீனியா சப்ஸ்ட்ரையேட்டா. பழைய புத்தகங்களில் பக்சீனியா பென்னிசெட்டி என்று இருக்கும்.

ஆர்.எஸ்.மங்கலம்: நெல் துருவுக்கு மருந்து?

திருவாடானைக்குச் சொன்னதுதான். முதலில் விரலால் தேய்த்துப் பாருங்கள்.

மறுபடி கடலாடி: தாத்தா காலத்திலிருந்து கம்புக் கொல்லை ஓரத்தில் கத்தரி போடுகிறோம். துரு அதனால் கூடியதே இல்லை. நீங்கள் சொல்வது ஏட்டுச் சுரைக்காய்.

நீங்கள் பார்த்ததும் சரி, நான் சொன்னதும் சரி. செந்தூள் கம்பிலிருந்து கம்புக்கே காற்றில் பறந்து தொற்றும். அதற்குக் கத்தரி தேவையில்லை. கோதுமைத் தண்டுத் துருவும் இப்படித்தான். அதன் இன்னொரு வீடு பார்பெரி என்ற முட்செடி என்று 1865ல் ஜெர்மன் பூஞ்சை ஆய்வாளர் டி பாரி காட்டினார். அமெரிக்காவில் 1918லிருந்து அந்தச் செடியை ஊர் ஊராக அழித்தார்கள். ஆனால் நம் நாட்டில் பார்பெரியின் உதவி இல்லாமலே நீலகிரி, பழனி மலைக் கோதுமையில் துரு தங்கிப் பரவுகிறது என்று பயிர்நோய் ஆய்வாளர் கே.சி. மேத்தா கண்டார். ஆனாலும் கத்தரியை லேசாக நினைக்க வேண்டாம். துரு இனக்கலப்பு செய்வது அங்கேதான், புதுத் திரிபுகள் கிளம்புவதும் அங்கிருந்துதான். எதிர்ப்புள்ள கம்பு ரகம் திடீரென்று துருவுக்கு மடங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வாலிநோக்கம்: அப்போ கத்தரியைப் பிடுங்கிவிடலாமா?

வேண்டாம். கிண்ணம் வந்த இலைகளை மட்டும் கிள்ளி எரித்துவிடுங்கள்.