திரையில் லட்சம், கையில் பூஜ்யம்: கிரிப்டோ கேள்வி-பதில்

ஆம்பூர் வாசகர்: ஷூ கம்பெனியில் வேலை செய்கிறேன். டெலிகிராம் குழுவில் சொன்ன கிரிப்டோ எக்ஸ்சேஞ்சில் (பிட்காயின் போன்ற டிஜிட்டல் நாணயங்களை வாங்கி விற்கும் தளம்) 40,000 ரூபாய் போட்டேன். இப்போது 3 லட்சம் காட்டுகிறது. எடுக்கப் போனால், 30% வரியை முதலில் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா சார்?

ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். கிரிப்டோ லாபத்துக்கு 30% வரி என்பது உண்மை, 2022 ஏப்ரலிலிருந்து இருக்கிறது. உண்மையாக இருப்பதால்தான் இந்தப் பொய் எடுபடுகிறது. ஆனால் அதை நீங்கள் கட்டவேண்டியது வருமான வரித் துறைக்கு, எக்ஸ்சேஞ்ச் சொல்லும் கணக்குக்கு அல்ல. எக்ஸ்சேஞ்ச் பிடிப்பது விற்கும்போது 1% டி.டி.எஸ்., அதாவது பணம் தருமுன் பிடித்துக்கொள்ளும் வரி. அதுவும் உங்களுக்கு வரவேண்டிய தொகையிலேயே கழியும். தனியாகப் பணம் அனுப்பச் சொல்ல மாட்டார்கள்.

இந்த 'வரி'யைக் கட்டினால் அடுத்து கணக்கைத் திறக்கும் கட்டணம், அப்புறம் சரிபார்ப்பு டெபாசிட் என்று நீளும். அந்த 3 லட்சம் அவர்களே போட்டுக்காட்டும் எண். உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு அழையுங்கள். பணம் அனுப்பிய ரசீதுகளையும் டெலிகிராம் உரையாடலையும் அழித்துவிடாதீர்கள்.

குடியாத்தம் வாசகி: சோதனைக்கு 2,000 ரூபாய் எடுத்துப் பார்த்தேன், பத்து நிமிடத்தில் வந்துவிட்டது. அப்போ நம்பலாம்தானே?

தூண்டிலில் புழு இருக்கத்தானே செய்யும். பணம் போட எந்தக் கணக்கைக் கொடுத்தார்கள் என்று பாருங்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு தனிநபர் யுபிஐ வந்தால், அவை பெரும்பாலும் வாடகைக்கு எடுத்த கணக்குகள். ஆப்பை பிளே ஸ்டோரில் எடுத்தீர்களா, வாட்ஸ்அப்பில் வந்த லிங்கிலா? லிங்க் என்றால், அந்த ஆப்பில் மேற்கொண்டு எதுவும் போடாதீர்கள்.

காட்பாடி வாசகர்: ரிசர்வ் வங்கி உரிமம் இருப்பதாகச் சான்றிதழே காட்டினார்கள்.

அந்தச் சான்றிதழே முதல் எச்சரிக்கை. ரிசர்வ் வங்கி எந்த கிரிப்டோ எக்ஸ்சேஞ்சுக்கும் உரிமம் தருவதில்லை. 2023 மார்ச்சிலிருந்து இவை பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. மத்திய நிதி அமைச்சகத்தின் நிதி உளவுப் பிரிவான எஃப்ஐயுவில் பதிய வேண்டும். பதியாமல் இங்கே தொழில் செய்ததாக, அந்த ஆண்டு டிசம்பரில் பைனான்ஸ் (Binance) என்ற எக்ஸ்சேஞ்ச் உட்பட 9 வெளிநாட்டு நிறுவனங்களுக்கு நோட்டீஸ் போனது.

பதிவு இருந்தால் பணம் பத்திரம் என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். 2024 ஜூலையில் வாசிர்எக்ஸ் என்ற இந்திய எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்களை ஹேக்கர்கள் எடுத்துப் போனார்கள். 2022 நவம்பரில் கவிழ்ந்த எஃப்டிஎக்ஸ் என்ற வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சோ, வாடிக்கையாளர் பணத்தைத் தன் உரிமையாளரின் இன்னொரு நிறுவனத்துக்குத் திருப்பிவிட்டிருந்தது.

ராணிப்பேட்டை வாசகர்: மாதம் 8% லாபம் உறுதி என்கிறார்கள்.

பிட்காயின் விலை ஒரே நாளில் 8% இறங்கியதெல்லாம் உண்டு. அப்புறம் யார் கைக்காசிலிருந்து அந்த உறுதி? மாத வட்டி தருவதாகச் சொன்ன நிறுவனங்களை நம்பி 2022இல் நம் வேலூர்ப் பக்கத்தில் எத்தனை வீடுகள் முழுகின என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

சத்துவாச்சாரி வாசகி: கல்லூரியில் படிக்கும் தம்பி, கிரிப்டோ வியாபாரத்துக்கு வங்கிக் கணக்கைக் கொடுத்து கமிஷன் வாங்குகிறான். தப்பா?

தப்புதான், அம்மா. பணத்தை இழந்தவர் புகார் கொடுத்தால் போலீஸ் முதலில் வருவது கணக்கின் பெயரில் இருப்பவனிடம். கணக்கு முடங்கும், வழக்கும் வரலாம். இன்றே ஏடிஎம் கார்டையும் சிம்மையும் திரும்ப வாங்கச் சொல்லுங்கள். வங்கிக்கு எழுத்தில் தகவல் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளட்டும். கமிஷனாக வந்த பணத்தைச் செலவழிக்க வேண்டாம்; ஒரு வழக்கறிஞரைப் பார்ப்பதும் நல்லது.