எல்லாப் பரிசோதனையும் நார்மல், வயிறு மட்டும் ஏன் கலங்குகிறது?

கேள்வி: எனக்கு வயது 33. தாம்பரத்திலிருந்து தினமும் மின்சார ரயிலில் நுங்கம்பாக்கம் அலுவலகத்துக்குப் போகிறேன். இரண்டு வருடங்களுக்கு முன்பு கல்யாண விருந்து ஒன்றில் சாப்பிட்டபின் நான்கு நாட்கள் கடுமையான வயிற்றுப்போக்கு. அது நின்ற பிறகும் வயிறு பழைய நிலைக்கு வரவில்லை. காலையில் காபி குடித்ததும் அடிவயிறு முறுக்குகிறது. வீட்டை விட்டுக் கிளம்புவதற்குள் நான்கு முறை கழிப்பறைக்குப் போய்விடுகிறேன். போய் வந்தால் வலி குறைகிறது. விடுமுறை நாட்களில் தொந்தரவு பாதிதான். ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், கொலனோஸ்கோப்பி எல்லாம் நார்மல். ‘எல்லாம் மனப்பிரமை’ என்கிறார் கணவர். புற்றுநோயாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: உங்கள் வலி உண்மையான வலி. இந்த வரியை உங்கள் கணவரும் படிக்க வேண்டும். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் ‘இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம்’ என்ற குடல் தொந்தரவோடு பொருந்துகின்றன. இது புற்றுநோயாக மாறுவதில்லை.

கொலனோஸ்கோப்பியில் புண், கட்டி, வீக்கம் தெரியும். குடல் நரம்புகளின் கூச்சம் தெரியாது. மலக்குடலுக்குள் சிறு பலூனை வைத்துக் காற்றடித்துப் பார்க்கும் ஆய்வுகளில், மற்றவர்களுக்கு லேசான அழுத்தமாகப் படுவது இந்தத் தொந்தரவு உள்ளவர்களில் பலருக்கு வலியாகவே தெரிகிறது. இரைப்பையில் ஏதாவது விழுந்ததும் பெருங்குடல் அசைந்து கொடுப்பது எல்லோருக்கும் இயல்பு. காபி அதை இன்னும் தூண்டும். உங்களுக்கு அதுவே முறுக்கு வலியாகிறது.

கல்யாண விருந்தைக் குறிப்பிட்டு நல்லது செய்தீர்கள். கிருமித் தொற்றால் வயிற்றுப்போக்கு வந்தவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குப் பிறகு இந்தத் தொந்தரவு தங்கிவிடுகிறது. கிருமி போய்விடும், குடலின் கூச்சம் மட்டும் அடங்காது. இது தெரியாமல், ‘அமீபா இருக்கும்’ என்று மருந்துக் கடையில் மெட்ரோனிடசோல் வாங்கி மாதாமாதம் விழுங்கியவர்கள் பலரை நான் பார்க்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தேவையில்லாத ஆன்டிபயாடிக் குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்களையும் குலைக்கிறது.

இனி சாப்பாடு. உங்களைப் போன்றவர்கள் பயத்தில் ஒவ்வொன்றாக விட்டுவிட்டுக் கடைசியில் கஞ்சியில் வந்து நிற்பார்கள். அவ்வளவு தேவையில்லை. அரிசிச் சோறு உங்களுக்கு நண்பன். அது சிறுகுடலிலேயே பெரும்பாலும் செரித்துவிடும், வாயு குறைவு. வெங்காயம், பூண்டு, கோதுமை, பருப்பு வகைகளில் உள்ள சில மாவுச்சத்துகள் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து வாயுவாகின்றன. அதனால்தான் சின்ன வெங்காய சாம்பார் சாப்பிட்ட மதியம் வயிறு பொருமுகிறது. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் வகுத்த உணவுமுறை இதைத்தான் கையாள்கிறது: நான்கு முதல் ஆறு வாரம் இவற்றைக் குறைத்து, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்து, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிப்பது. ஆயுளுக்கும் விலக்குவதற்கல்ல. முடிந்தால் உணவு ஆலோசகர் துணையோடு செய்யுங்கள். பூண்டு இல்லாமல் ரசமா என்று கேட்பீர்கள். பூண்டின் தொந்தரவான சத்து தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. தாளிக்கும் எண்ணெயில் பூண்டுப் பற்களைப் பொரித்து எடுத்துவிடுங்கள், மணம் எண்ணெயில் நிற்கும். பால் நம்மில் பலருக்குச் செரிப்பதில்லை. இரண்டு வாரம் பால் காபியை நிறுத்திப் பாருங்கள். தயிர், மோர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும்.

இசப்கோல் மலச்சிக்கலுக்கு மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். ஒரு டீஸ்பூனில் தொடங்கி நிறையத் தண்ணீரோடு குடித்தால் இளகிய மலத்தையும் அது கட்டும். கோதுமைத் தவிடு வேண்டாம், வாயுவைக் கூட்டும்.

விடுமுறையில் பாதியாகக் குறைகிறது என்பதால் அது பிரமை ஆகிவிடாது. மூளைக்கும் குடலுக்கும் இடையே நரம்புகள் இருபுறமும் செய்தி கடத்துகின்றன. மின்சார ரயிலில் கழிப்பறை கிடையாது. பல்லாவரம் தாண்டும்போது வயிறு இரைந்தால் என்ன செய்வது என்ற பயமே குடலை முடுக்குகிறது. முக்கால் மணி நேரம் முன்னதாக எழுந்து, காபியையும் டிபனையும் முதலில் முடித்துவிடுங்கள். குடலின் அசைவு வீட்டிலேயே அடங்கட்டும். முக்கியமான பயண நாளுக்கு வயிற்றுப்போக்கைக் கட்டுப்படுத்தும் லோபரமைடு, முறுக்கு வலிக்கு மெபெவெரின் போன்ற மாத்திரைகளை மருத்துவர் எழுதித் தருவார். அவர் குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின் தந்தால் ‘மனநோய் மாத்திரையா’ என்று பதறாதீர்கள். குடல் நரம்பின் வலியைக் குறைக்கவே அது. 2023இல் வெளியான பிரிட்டன் ஆய்வும் அதன் பலனைக் காட்டியது. கர்ப்பம் தரிக்கும் எண்ணம் இருந்தால் மட்டும் முன்பே சொல்லிவிடுங்கள்.

தைராய்டு, சீலியாக் நோய் (கோதுமையின் குளூட்டன் புரதம் சிறுகுடலைப் பாதிக்கும் நோய்) ஆகியவற்றுக்கான ரத்தப் பரிசோதனைகளும் குடல் அழற்சியைக் காட்டும் கால்புரோடெக்டின் என்ற மலப் பரிசோதனையும் செய்தாயிற்றா என்று பழைய ரிப்போர்ட்டுகளைப் பாருங்கள். இல்லையென்றால் ஒருமுறை செய்துகொள்ளலாம். மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, காய்ச்சல், ரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் கொலனோஸ்கோப்பி நார்மல் என்று இருந்துவிடாமல் உடனே குடல் நோய் மருத்துவரைப் பாருங்கள்.