மனப்பாடம் செய்த சொல் வாயில் வரவில்லையே!

கேள்வி: அக்கா, நான் பாலர் பள்ளி ஒன்றில் சமையல் வேலை செய்கிறேன். தொடக்கநிலை நான்கில் படிக்கும் மகளோடு சேர்ந்து தினமும் பத்து ஆங்கிலச் சொற்களை மனப்பாடம் செய்கிறேன். பேசும்போது ஒன்றும் வாயில் வருவதில்லை. என்ன செய்வது?
- வாசகி, உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

பதில்: பத்து வேண்டாம் தங்கச்சி, மூன்று போதும். அர்த்தத்தை மட்டும் எழுதிவைத்தால் சொல் நோட்டிலேயே தங்கிவிடும். 'ரிலக்டன்ட்' என்றால் தயக்கமுள்ள என்று எழுதி நிறுத்தாதீர்கள். 'மை டாட்டர் இஸ் ரிலக்டன்ட் டு ஈட் வெஜிடபிள்ஸ்' என்று உங்கள் வீட்டு வாக்கியமாகவே எழுதுங்கள். பின்னால் 'டு' வருகிறது பாருங்கள், அதையும் சேர்த்தே பழக வேண்டும். மறுநாள் பள்ளியில் ஆசிரியையிடம், 'திஸ் பாய் இஸ் ரிலக்டன்ட் டு டிரிங்க் மில்க்' என்று சொல்லிப் பாருங்கள். சொந்த வேலைக்குப் பயன்பட்ட சொல் லேசில் மறக்காது.

மறப்பது உங்கள் குறையே அல்ல. படித்ததில் பெரும்பகுதி முதல் நாளுக்குள்ளேயே நழுவிவிடுகிறது என்று எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் 1885லேயே எழுதிவைத்தார். அதனால் இன்று எழுதியதை நாளைக்கும், மூன்று நாள் கழித்தும், அடுத்த வாரமும் திருப்பிப் பாருங்கள். அர்த்தத்தைக் கையால் மறைத்துக்கொண்டு பார்ப்பது முக்கியம்.

உட்லண்ட்ஸ் வட்டார நூலகத்தில் மகள் எடுக்கும் கதைப் புத்தகங்களையே நீங்களும் சத்தமாக வாசியுங்கள். பேச்சில் நம் சிங்கப்பூர் வழக்கான 'லா' கலந்தால் கலக்கட்டும், கூச்சப்படாதீர்கள். இந்த வாரம் எழுதிய மூன்று வாக்கியங்களை எனக்கு அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன்.