மாமனார் வீட்டு மேசைக்கு எந்தச் சீன மது? கேள்வி பதில்

சீனப் புத்தாண்டு விடுமுறைக்கு மனைவி அல்லது கணவரின் வீட்டுக்குச் செல்லும் நண்பர்கள் சிலர், என்ன மது வாங்கிச் செல்வது என்று கேட்டிருந்தார்கள். சிச்சுவான் மாகாணத்தில் பெண் எடுத்து, பதினொரு புத்தாண்டுகளை அந்த வீட்டு மேசையில் கழித்தவன் என்ற தகுதியில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: திருமணமான பின் வரும் முதல் புத்தாண்டு. மனைவியின் ஊர் ஷான்ஷி மாகாணத்தின் தாய்யுவான். எல்லோரும் மாவ்டாய் என்ற விலையுயர்ந்த மதுவை வாங்கச் சொல்கிறார்கள். கையைக் கடித்தாலும் அதைத்தான் வாங்க வேண்டுமா?

வேண்டியதில்லை. முதலில் மனைவியிடம், அப்பா சாதாரண நாளில் எதை ஊற்றிக்கொள்வார் என்று கேளுங்கள். தாய்யுவான் என்றால் விடை பெரும்பாலும் ஃபென்ஜியுவாகத்தான் இருக்கும். அது அந்த மாகாணத்தின் ஷிங்குவாசுன் என்ற ஊரில் வடிக்கப்படுவது.

பைஜியு என்று நாம் ஒரே பெயரில் சொல்லும் சீன வடிமது, உண்மையில் மணத்தால் பல குடும்பங்களாகப் பிரிந்தது. பெரும்பாலானவற்றுக்கு மூலப்பொருள் சோளம்தான் என்றாலும், அது எதற்குள் நொதிக்கிறது, எந்தச் 'ச்சூ' கட்டியால் நொதிக்கிறது என்பதே சுவையை முடிவு செய்கிறது. (தானியத்தை அரைத்துச் செங்கல்போல அழுத்திப் பூஞ்சை பிடிக்க வைத்ததே ச்சூ.) ஃபென்ஜியுவின் சோளம் மண்ணில் புதைத்த மட்கலங்களுக்குள் நொதிப்பதால், மது தெளிந்த, மெல்லிய மணத்தோடு வருகிறது, இதை மென்மணம் என்பார்கள். சிச்சுவானின் அடர்மண மதுக்கள் பழைய களிமண் குழிகளில் நொதிக்கின்றன. அந்தச் சேற்றில் தலைமுறை தலைமுறையாக வாழும் நுண்ணுயிர்களால் கனிந்த அன்னாசிப்பழ வாசனை எழுகிறது. குய்ஜோவ் மாகாணத்து மாவ்டாயோ, ஓராண்டுச் சுற்றில் எட்டு முறை நொதிக்க வைத்து, ஏழு முறை வடித்து, பின்னர் பல ஆண்டுகள் சாடிகளில் வைத்துக் கலக்கப்படுவது. அதன் மணத்தைச் சீனர்களே சோயா சாஸின் மணத்தோடு ஒப்பிடுகிறார்கள்.

நாற்பது ஆண்டுகளாக மென்மணத்தில் பழகிய நாக்குக்கு மாவ்டாய் ஒரு மரியாதையாக இருக்குமே தவிர, மகிழ்ச்சியாக இருக்கும் என்று சொல்ல முடியாது. அதைவிட முக்கியமான விஷயம், நீங்கள் கொண்டுபோகும் மாவ்டாயை அவர் திறக்கவே மாட்டார். அலமாரியில் வைத்துவிட்டு, வேறு யாருக்காவது காரியம் ஆக வேண்டியபோது எடுத்துக் கொடுப்பார். சேர்ந்து குடிப்பதற்கென்றால், அவர் எப்போதும் குடிக்கும் ஃபென்ஜியுவிலேயே ஒரு படி மேலானதை வாங்குங்கள். தனக்குத் தெரிந்த மதுவின் நல்ல வடிவம் எதுவென்று அவருக்கு உடனே புரியும்.

இடையில் ஓர் எச்சரிக்கை: சியான் நகரம் உள்ள அண்டை மாகாணத்தின் பெயரும் நம் எழுத்தில் ஏறக்குறைய இதேபோலத்தான் வரும். அங்கே பெண் எடுத்தவர்கள் ஃபென்ஜியுவை விட்டு, அந்த மாகாணத்து மதுவான ஷிஃபெங் வாங்க வேண்டும்.

கேள்வி: என் மாமனார் செங்டூவில் இருக்கிறார். 300 யுவானுக்குள் கௌரவமாக ஏதாவது கிடைக்குமா?

செங்டூ சிச்சுவானின் தலைநகரம், ஆகவே அடர்மண மதுதான். இபின் நகரத்தின் வூலியாங்யே, சோளம், அரிசி, ஒட்டரிசி, கோதுமை, மக்காச்சோளம் என்ற ஐந்து தானியங்களால் ஆனது. லுஜோவ் நகரத்தின் 'குவோஜியாவ் 1573', மிங் அரச காலத்தில் அந்த ஆண்டு முதல் பயன்பாட்டில் உள்ள குழிகளின் பெயரால் வழங்குவது. இரண்டும் உங்கள் தொகைக்குள் அடங்கா. ஆனால் லுஜோவ் ஆலையே வடிக்கும் 'தெச்சூ' பெரும்பாலும் அடங்கிவிடும். என் மாமனார் தினமும் மாலையில் குடிப்பது அதைத்தான். அதை அவர் குறைவாக நினைத்து நான் பார்த்ததில்லை. 52 பாகை (அதாவது நூற்றுக்கு 52 பங்கு ஆல்கஹால்) மதுவையே எடுங்கள். 38 பாகை மது தொண்டையை உறுத்தாது என்றாலும், அந்தத் தலைமுறைக்கு அது தண்ணீர் கலந்ததாகவே தோன்றும்.

கேள்வி: பெட்டி அழகாக இருக்கிறது, உள்ளே என்ன இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பெட்டியைத் திருப்பி, பின்பக்கச் சீட்டைப் படியுங்கள். சேர்மானங்களில் தண்ணீர், தானியம், ச்சூவுக்கான கோதுமை, பார்லி, பட்டாணி போன்றவை மட்டுமே இருந்தால் நல்லது. உணவுத்தர ஆல்கஹால் என்றோ மணமூட்டி என்றோ எழுதியிருந்தால் திரும்ப வைத்துவிடுங்கள். 2022 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த தேசியத் தரவிதிகளின்படி, மணமூட்டி சேர்த்ததைப் பைஜியு என்று அழைக்கவே கூடாது. தரவிதி எண்ணும் உதவும்: 10781 என்று தொடங்கினால் மரபுமுறையில் நொதித்த மது, 20821 என்றால் திரவ முறையில் தயாரித்தது, 20822 இரண்டும் கலந்தது. மாவ்டாயைப் பொறுத்தவரை, பல ஆண்டுகள் அதன் பரிந்துரை விலை 1,499 யுவானாக இருந்தும் கடைகளில் அந்த விலைக்குக் கிடைப்பதே அரிதாக இருந்தது. ஆகவே பாதி விலைக்குத் தருகிறேன் என்பவரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: மாமியாரும் ஒரு கோப்பை எடுத்துக்கொள்வார். ஆனால் பைஜியு எரிகிறது என்கிறார்.

அவருக்காக ஷாவ்ஷிங் நகரத்து ஹுவாங்ஜியு ஒரு பாட்டில் தனியாக வாங்குங்கள். ஒட்டரிசியிலிருந்து வரும் இது வடிக்கப்படாதது; ஏறக்குறைய 15 பாகைதான். பாட்டிலை வெந்நீரில் நிறுத்தி இளஞ்சூடாக ஊற்றினால் மணம் எழும், கொதிக்கவிட்டால் போய்விடும். மகள் பிறந்தபோது மண்ணில் புதைத்து, அவள் திருமணத்தன்று தோண்டியெடுக்கும் சாடியின் வழக்கம் இந்த ஊருக்குரியது. அதனால்தான் இதன் ஒரு வகைக்கு 'மகளின் சிவப்பு' என்று பொருள்படும் நுயர்ஹோங் என்ற பெயர். மகளைக் கொடுத்த தாய்க்கு இதைவிடப் பொருத்தமான மது எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: எத்தனை பாட்டில்?

இரண்டு. நம் மொய்யில் ஒரு ரூபாய் கூட்டி ஒற்றைப்படையாக வைப்பதற்கு நேர்மாறாக, அங்கே இரட்டைப்படையே மங்கலம். ஆனால் நான்கு என்ற சொல் சாவு என்ற சொல்லோடு ஒலியில் நெருங்குவதால் அது மட்டும் கூடாது. அதிவேக ரயிலில் போனால், மூடி பிரிக்காதவையாக, ஆளுக்கு மொத்தம் 3 லிட்டருக்குள் இருக்கட்டும்.

கேள்வி: எனக்குக் குடிப்பழக்கம் இல்லை. மாமனார் மனம் புண்படுமா?

முதல் கோப்பைக்கு முன்பே சொல்லிவிட்டால் புண்படாது. மூன்று கோப்பை குடித்துவிட்டு நான்காவதை மறுத்தால்தான் வருத்தம். தேநீர்க் கோப்பையோடு எழுந்து நின்று, அதன் விளிம்பு அவருடைய கோப்பையின் விளிம்புக்குக் கீழே இருக்கும்படி தொட்டு வாழ்த்துங்கள். மரியாதை அந்தத் தாழ்விலேயே இருக்கிறது. நீங்கள் வண்டி ஓட்ட வேண்டியிருந்தால் யாரும் வற்புறுத்த மாட்டார்கள்: 2011 மே முதல் குடிபோதையில் ஓட்டுவது அங்கே குற்றவியல் வழக்கு. 'செஃபலோஸ்போரின் மாத்திரை சாப்பிடுகிறேன்' என்பதும் எல்லோரும் ஏற்கும் காரணம், அந்த நுண்ணுயிர்க்கொல்லி மருந்து வகையில் சில மதுவோடு சேர்ந்தால் உண்மையிலேயே ஆபத்து. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் புத்தாண்டுக்கு மட்டும் காய்ச்சல் வரும் மருமகனை அவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

கேள்வி: குடிப்பவன்தான், ஆனால் ஈடுகொடுக்க முடியுமா என்று பயம்.

அங்கே அளவு லியாங் கணக்கில், அதாவது 50 கிராம். 'எத்தனை லியாங் தாங்குவீர்கள்?' என்று கேட்டால், உங்களால் முடிவதில் பாதியைச் சொல்லுங்கள். ஆளுக்கொரு சிறு கண்ணாடிக் குடுவை வைத்திருந்தால், அதிலிருந்து ஒரு மிடறு கொள்ளும் கோப்பையில் ஊற்றிக் குடிக்க வேண்டும்; குடுவை காலியாகும் வேகம்தான் மற்றவர் கண்ணில் படும். வெறும் வயிற்றில் தொடங்காதீர்கள். பாதியில் நின்ற பாட்டிலை மூடியை இறுக்கி அங்கேயே விட்டு வாருங்கள். மூன்றாம் நாள் காலை, நீங்கள் கிளம்பிய பிறகு, அவர் அதைத் தன் பக்கத்து வீட்டு நண்பருக்கு ஊற்றுவார். யார் வாங்கி வந்தது என்பதையும் கட்டாயம் சொல்வார்.