மத்திய ஐரோப்பாவில் ரயில் சுற்றுலா: இன்டர்ரெயில் பாஸ் எங்களுக்குக் கட்டுப்படியாகுமா?

கேள்வி: நாங்கள் மியூனிக்கில் வசிக்கும் இந்தியக் குடும்பம், பிள்ளைகளுக்கு வயது 13, 8. இன்னும் ஆறு மாதங்களில், செப்டம்பர் தொடக்கத்தில், வியன்னா, புடாபெஸ்ட், பிராட்டிஸ்லாவா, பிராக் ஆகிய நகரங்களை 10 நாள்களில் ரயிலிலேயே பார்த்துவர விரும்புகிறோம். அவசரகால நிதி நீங்கலாக 1,400 யூரோ கையில் இருக்கிறது. மாதம் 150 யூரோ சேமிக்கிறோம். பல ஐரோப்பிய நாடுகளின் ரயில்களில் செல்லுபடியாகும் இன்டர்ரெயில் பாஸ் வாங்குவதா, தனித்தனி டிக்கெட் எடுப்பதா? குறையும் பணத்துக்கு வங்கி ஓவர்டிராஃப்டை (கணக்கில் இருப்பதற்கு மேல் எடுக்கும் கடனை) பயன்படுத்தலாமா?

பதில்: உங்கள் பயணத்தில் ஐந்து கட்டங்கள்தான் இருக்கின்றன, பாஸ் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு அதுவே முதல் காரணம். இன்டர்ரெயிலுக்கு ஐரோப்பியக் குடியுரிமை தேவையில்லை, ஐரோப்பாவில் வசித்தாலே போதும் என்பதால் உங்களுக்குத் தகுதி இருக்கிறது. ஆனால் ஐந்து பயண நாள்களுக்கான பாஸ் பெரியவர் ஒருவருக்கு ஏறத்தாழ 300 யூரோ ஆகும். 4 முதல் 11 வயது வரை இலவசம் என்பதால் இளைய பிள்ளைக்குச் செலவில்லை. 13 வயதுப் பிள்ளைக்கு இளையோர் பாஸ் வாங்கியாக வேண்டும். மொத்தம் 800 யூரோவைத் தாண்டிவிடும். அதே ஐந்து கட்டங்களுக்கும் ஆஸ்திரிய ரயில்வேயின் ஷ்பார்ஷீனே போன்ற முன்பதிவுச் சலுகை டிக்கெட்டுகளை மூன்று மாதங்களுக்கு முன்பாவது எடுத்தால், குடும்பம் முழுவதற்கும் 400 யூரோ அளவில் முடித்துவிடலாம் என்பது என் மதிப்பீடு.

சலுகை டிக்கெட்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு: குறித்த ரயிலில்தான் போக முடியும், பெரும்பாலும் பணம் திரும்பக் கிடைக்காது. தனித்தனி டிக்கெட்டுகளோடு ரயில் மாறும்போது, முதல் ரயில் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால் இழப்பு நம்முடையதே. நல்லவேளையாக, மியூனிக்–வியன்னா, வியன்னா–புடாபெஸ்ட், புடாபெஸ்ட்–பிராட்டிஸ்லாவா, பிராட்டிஸ்லாவா–பிராக், பிராக்–மியூனிக் ஆகிய எல்லாத் தடங்களிலும் நேரடி ரயில்கள் ஓடுவதால் அந்தக் கவலை உங்களுக்குக் குறைவு. போகும் ஊரை அன்றன்று முடிவு செய்பவர்களுக்கும், முழுக் கட்டணம் அதிகமாக உள்ள சுவிட்சர்லாந்தில் பல நாள் சுற்றுபவர்களுக்கும் பாஸ் வாங்குவதே லாபம். உங்கள் திட்டம் அப்படிப்பட்டதன்று.

இன்னொரு சிறு சேமிப்பும் உண்டு. பெரியவர்கள் உங்கள் இருவரிடமும் டாய்ச்லாண்ட் டிக்கெட் (ஜெர்மனி முழுவதும் வட்டார ரயில்களில் செல்லும் மாதச் சந்தா டிக்கெட்) இருக்குமானால், அது வட்டார ரயில்களில் சால்ஸ்பர்க் வரை செல்லும். உங்கள் இருவருக்கும் சால்ஸ்பர்க்கிலிருந்து வியன்னாவுக்கு மட்டும் டிக்கெட் எடுத்தால் போதும். அங்கே ரயில் மாற ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

நீங்கள் செப்டம்பரைத் தேர்ந்தெடுத்தது மிக நல்ல முடிவு. பவேரியாவின் பள்ளி விடுமுறை செப்டம்பர் நடுப்பகுதி வரை நீளுகிறது. செக் நாட்டிலும் ஹங்கேரியிலும் வியன்னாவிலும் அதற்குள் பள்ளிகள் திறந்துவிடுவதால், குடும்ப அறைகளின் வாடகை ஆகஸ்டைவிடத் தணிந்திருக்கும். சமையலறையுள்ள தங்குமிடத்துக்கு ஒன்பது இரவுகளுக்கு 1,000 யூரோவும், உணவுக்கும் உள்ளூர்ப் போக்குவரத்துக்கும் நாளுக்கு 60 யூரோவும் ஒதுக்கினால், ரயில் கட்டணத்தோடு சேர்த்து மொத்தச் செலவு 2,000 யூரோ.

ஆகவே குறைவது 600 யூரோ. ஆறு மாதங்களில் நீங்கள் சேமிக்கப்போவதோ 900 யூரோ. ஜெர்மன் வங்கிகளின் ஓவர்டிராஃப்டுக்கு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் வட்டி வருவது சாதாரணம். தேவையே இல்லாத அந்தக் கடனைத் தயவுசெய்து தொடாதீர்கள். கையிலுள்ள பணத்தில் முதலில் ரயில் டிக்கெட்டுகளை எடுத்துவிடுங்கள். தங்குமிடங்களைக் கட்டணமின்றி ரத்துசெய்யக்கூடிய முறையில், அங்கு சென்றபின் பணம் செலுத்துமாறு பதிவு செய்யுங்கள். மிஞ்சும் 300 யூரோ, எதிர்பாராத செலவுக்கு உங்களோடு வரட்டும்.

நான்கு நாடுகளும், ஜெர்மனியைப் போலவே, தனித்தனி விசா இன்றிச் சென்றுவரக்கூடிய ஷெங்கன் பகுதியில் இருப்பதால் ஜெர்மன் வசிப்பிட அனுமதி அட்டையும் கடவுச்சீட்டும் போதும். இரண்டையும் அசலாகவே எடுத்துச் செல்லுங்கள். ஸ்லோவாக்கியாவில் யூரோ செல்லும். ஹங்கேரியில் ஃபோரின்ட், செக் நாட்டில் கொருனா. அவ்விரு நாடுகளிலும் ஏடிஎம் அல்லது கடையின் அட்டைக் கருவி, தொகையை யூரோவாக மாற்றிப் பிடித்துக்கொள்ளட்டுமா என்று கேட்கும்போது, வேண்டாம் என்று சொல்லி உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். கருவி காட்டும் மாற்று விகிதம் பெரும்பாலும் உங்கள் வங்கி தரும் விகிதத்தைவிட மோசமாகவே இருக்கும்.