பல மாநிலச் சரக்கு விற்கும் கடையில்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சி.எம்.சி. மருத்துவமனைக்கு அருகே சூப்பர் மார்க்கெட் நடத்துகிறேன். மேற்கு வங்காளம், ஜார்கண்ட் மாநிலங்களிலிருந்து வரும் நோயாளிகளின் உறவினர்களே பெரும்பாலும் வருகிறார்கள். மொழி புரியாமல் கல்லாவில் அடிக்கடி வாக்குவாதம் ஏற்படுகிறது. (காந்தி ரோடு, வேலூர்)

பதில்: வங்காளத்திலும் இந்தியிலும் பெயர்ப்பலகை வைப்பது உங்கள் தெருவுக்குப் புதிதல்ல; அது ஆளைக் கடைக்குள் அழைத்து வருமே தவிர, கல்லாவில் சண்டையைத் தடுக்காது. அங்கே எழும் தகராறுகளில் பெரும்பாலானவை மொழியால் வருபவை அல்ல, அலமாரியில் ஒட்டிய விலைக்கும் பில்லில் விழும் விலைக்கும் உள்ள வித்தியாசத்தால் வருபவை. ஆகவே விலைச் சீட்டுகளை எண்களில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். சலுகை முடிந்த அன்றே பழைய சீட்டைக் கிழித்துவிடுங்கள். எடைத் தராசின் எண்பலகையும் பில் போடும் திரையும் வாங்குபவரின் கண்ணுக்குத் தெரியும்படி திரும்பியிருக்கட்டும். இந்தி தெரிந்த பணியாளர் ஒருவர் இருந்தால் அவரைக் கல்லாவில் உட்கார வைக்காமல் அலமாரிகளுக்கிடையே நிறுத்துங்கள், ஏனெனில் சந்தேகம் பிறக்கும் இடம் அதுதான். லாட்ஜ் அறையில் அடுப்பு வைத்துச் சில வாரங்களுக்கு மட்டும் சமைப்பவருக்கு ஐந்து கிலோ அரிசிப் பை சுமையே. சிறிய பொட்டலங்களும் இருக்கட்டும். அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்பவரின் வீட்டாரிடம் 'இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்' என்று வற்புறுத்துவது, என் கருத்தில், வியாபாரத் திறமை ஆகாது.

கேள்வி: எங்கள் வீட்டில் குடியிருக்கும் கொல்கத்தா குடும்பத்துக்காகக் கடுகு எண்ணெய் வாங்கப் போனேன். ஒரே அலமாரியில் விலை வெகுவாக வேறுபடுகிறது. எதை நம்புவது? (காட்பாடி)

பதில்: முன்பக்கத்தில் உள்ள கடுகுப்பூப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள். கடுகு எண்ணெயுடன் வேறு சமையல் எண்ணெயைக் கலந்து விற்பது 2021 ஜூன் 8 முதல் தடை செய்யப்பட்டுள்ளதால், சேர்மானப் பட்டியலில் தவிட்டெண்ணெயோ பாமாயிலோ காணப்பட்டால் அதைக் கடுகு எண்ணெயாக எண்ணி வாங்க வேண்டாம். 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணையும் தயாரிப்புத் தேதியையும் பாருங்கள். அளவு வேறுபடும் பாட்டில்களை ஒப்பிட, அதிகபட்ச சில்லறை விலைக்கு அருகே அச்சிட்டிருக்கும் அலகு விலை, அதாவது ஒரு மில்லிக்கோ லிட்டருக்கோ எவ்வளவு என்பது, உதவும். மலிவு என்பதற்காகச் சீலில்லாத எண்ணெயை வாங்க வேண்டாம். கடுகில் பிரம்மதண்டு என்னும் நச்சுக் களைச்செடியின் விதை கலந்ததால் 1998-இல் டெல்லியில் பரவிய, உடலில் நீர் கோத்து வீங்கும் நோய் பல உயிர்களைப் பறித்தது.

கேள்வி: வாங்கிய கோதுமை மாவில் வண்டு இருந்தது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்று பில்லில் உள்ளதைக் காட்டி மறுத்துவிட்டார்கள். (சத்துவாச்சாரி)

பதில்: அந்த வாசகம் செல்லாது. குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன கெடுவுக்குள்ளும், கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாள்களுக்குள்ளும், திரும்பப் பெற மறுப்பதை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. பில்லும் பாக்கெட்டும் சேர்ந்து தெரியும்படி படம் எடுத்துக்கொண்டு, கடை மேலாளரிடம் எழுத்தில் கொடுங்கள். பயனில்லையெனில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம், அதன் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. சுவை பிடிக்கவில்லை என்பது மட்டும் குறையாகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: கைபேசி எண் சொல்லாமல் பில் போட முடியாது என்கிறார்களே? (தொரப்பாடி)

பதில்: முடியும். எண்ணைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று நடுவண் நுகர்வோர் விவகாரத் துறை 2023-இல் சில்லறை வணிகர்களுக்கு அறிவுறுத்தியுள்ளது. பணிவாக மறுத்துவிட்டு, அச்சிட்ட பில்லைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: வங்காளப் பொருள்கள் பகுதியில் கசகசா பெரிய பாக்கெட்டாகக் கிடைக்கிறது. துபாயில் இருக்கும் மகனுக்குக் கொடுத்தனுப்பலாமா? (பேரணாம்பட்டு)

பதில்: கூடாது. ஐக்கிய அரபு அமீரகத்தில் கசகசா தடை செய்யப்பட்ட பொருள். ஒரு சிட்டிகையளவு பெட்டியில் இருந்தாலும் சிக்கல் வரும். குருமாப் பொடி அனுப்புவதாக இருந்தால் அதிலும் கசகசா சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அதற்குப் பதில் முந்திரி அரைத்துச் சேர்த்துக்கொள்ளலாம்.