டிஃபென்ஸ் ஆடுற பையனை பாயின்ட் கணக்குல எடை போடாதீங்க

பாருங்கம்மா, நீங்க எழுதுனதோட சாரம் ஒண்ணுதான். ஐஸ் ஹாக்கியில டிஃபென்ஸ் ஆடற உங்க பையன்கிட்ட நிஜமாவே சரக்கு இருக்கா, இல்ல இந்த ஐஸ் டைம் (ரிங்க்ல ஆடற நேரம்), டோர்னமென்ட், ஹோட்டல் செலவையெல்லாம் நிறுத்திட்டு படிப்பு பக்கம் திருப்பிடலாமா? அவனோட டீம்ல இருக்கற இன்னொரு டிஃபென்ஸ் பையன் இவனை விட மூணு மடங்கு பாயின்ட் (கோலும், கோலுக்கு வழி பண்ற பாஸான அசிஸ்ட்டும் சேர்ந்த கணக்கு) வெச்சிருக்கான், ஓஎச்எல் (ஒன்டாரியோவோட மேல்மட்ட ஜூனியர் லீக்) செலக்‌ஷன்ல இவன் பேர் வரல, இந்த ரெண்டையும் வெச்சுதான் நீங்க பயப்படறீங்க. ஆனா இந்த ரெண்டும் ஒரு டிஃபென்ஸ்மேனை பத்தி ரொம்ப கம்மியாத்தான் சொல்லும்.

பாயின்ட்டை எடுத்துக்குவோம். எதிர் டீம் ஆள் பெனால்டியில வெளிய இருக்கறப்போ இறங்கற முதல் பவர் ப்ளே யூனிட்ல, எதிர் டீம் பகுதி தொடங்கற ப்ளூ லைன்ல நிக்கற இடம் பெரும்பாலும் ஒரே ஒரு டிஃபென்ஸ் பையனுக்குத்தான், அந்த இடம் யாருக்கு கிடைக்குதோ அவனுக்கு அசிஸ்ட் தானா வந்து விழும். அந்த இன்னொரு பையனோட பாயின்ட்ல ரெண்டு பக்கமும் அஞ்சஞ்சு பேர் ஆடும்போது வந்தது எத்தனைன்னு தனியா பிரிச்சு பாருங்க, வித்தியாசம் அங்கயே பாதி கரைஞ்சாலும் ஆச்சரியமில்ல. பிளஸ் மைனஸும் (அவன் ஐஸ்ல இருக்கறப்போ நம்ம டீம் கோல் போட்டா பிளஸ், வாங்கினா மைனஸ்) அதே மாதிரிதான், எதிர் டீமோட பெஸ்ட் லைனுக்கு எதிரா யாரை கோச் இறக்கறாரோ அவனுக்கு மைனஸ் விழத்தான் செய்யும், பின்னாடி நிக்கற கோலி சுமாரா இருந்தா இன்னும் மோசம்.

அப்போ எதை பார்க்கணும்? அடுத்த மேட்ச்ல பக் (ஆடற ரப்பர் வட்டு) பின்னாடி ஓடாதீங்க, உங்க பையனை மட்டும் பாருங்க. எதிர் டீம் பக்கை கார்னருக்கு தூக்கி போடறாங்க, இவன் திரும்பி எடுக்கப் போறான், பின்னாலேயே ஒரு ஃபோர்செக்கர் துரத்திட்டு வர்றான். பக்கை தொடறதுக்கு முன்னாடி இவன் தலையை திருப்பி தோள் மேல பார்க்கறானா, ஒரு தடவை பார்த்தானா ரெண்டு தடவை பார்த்தானா, துரத்தறவன் எந்தப் பக்கம் வர்றான்னு தெரிஞ்சு அதுக்கு எதிர்ப்பக்கம் ஒரு சின்ன ஏமாத்து காட்டி வெட்டித் திரும்பறானா, திரும்பி நிமிரும்போது அவன் பாஸ் நடுவுல வர்ற சென்டரோட ஸ்டிக்ல போய் உக்காருதா, இல்ல பயந்துபோய் ரிங்கை சுத்தி இருக்கற கண்ணாடியில அடிச்சு வெளியேத்தறானா. மொத்தமே ரெண்டு மூணு செகண்ட் விஷயம், ஆனா டீமுக்கு ஆள் தேடற ஸ்கவுட் ஒருத்தர் டிஃபென்ஸ் பையனைப் பார்க்க வந்தா அவர் கண்ணு முக்கியமா இங்கதான் இருக்கும். இது ஸ்கோர் ஷீட்ல எங்கயும் வராது. கண்ணாடியில அடிக்கறது சில சமயம் சரியான முடிவுதான், ஒவ்வொரு தடவையும் அதையே செஞ்சாத்தான் கவலைப்படணும்.

இன்னொண்ணு கேப். எதிராளி வேகமா பக்கோட வர்றான், உங்க பையன் பின்னோக்கி ஸ்கேட் பண்றான், நடுவுல எவ்வளவு இடைவெளி விடறான்னு பாருங்க. தன்னோட ப்ளூ லைன் வர்றப்போ ஒரு ஸ்டிக் நீளத்துக்கு நெருங்கி, ஸ்டிக்கை பாஸ் போற வழியில வெச்சு, எதிராளியை ரிங்க் ஓரத்து போர்டு பக்கம் தள்ளிக்கிட்டே போனான்னா, அவன் வேற வழியில்லாம பக்கை உள்ள எறிஞ்சுட்டு ஓடுவான். ஸ்டேண்ட்ல யாரும் கை தட்ட மாட்டாங்க, ஏன்னா ஒண்ணுமே நடக்கல, நடக்க விடாம பண்ணதுதான் அவனோட வேலை! பயத்துல பின்வாங்கி கோல் வாசல் வரைக்கும் இடம் குடுக்கற பையன் எத்தனை கோல் போட்டாலும் மேல் லெவலுக்கு போனா அடி வாங்குவான்.

உயரம், எடை பத்தி ரொம்ப கேட்டிருந்தீங்க. கனடாவுல பாடி செக்கிங் (உடம்பால மோதி தடுக்கறது) யு15-லதான் ஆரம்பிக்குது, அந்த வயசுல சீக்கிரம் வளர்ந்த பசங்க உடம்பை வெச்சே ஜெயிச்சுடுவாங்க, எல்லாரும் வளர்ந்து முடிச்சதும் அந்த சாதகம் போயிடும். ஸ்கேட்டிங்கும் ஆட்டத்தை படிக்கற புத்தியும் இருந்தா உயரத்துக்கு காத்திருக்கலாம், க்வின் ஹ்யூஸ் 5 அடி 10 அங்குலம்தான், 2024-ல நாரிஸ் டிராபி வாங்குனார், என்எச்எல்ல (வட அமெரிக்காவோட உச்ச ப்ரொஃபெஷனல் லீக்) அந்த வருஷத்தோட சிறந்த டிஃபென்ஸ்மேன்னு அர்த்தம். ஆனா முன்னோக்கி ஓடறதுலேர்ந்து பின்னோக்கி திரும்பற பிவட் ரெண்டு பக்கமும் சுத்தமா வரலைன்னா அதுக்கு தனியா ஒரு ஸ்கேட்டிங் கோச் வெச்சு இப்பவே சரி பண்ணுங்க, செலவு பண்றதா இருந்தா அந்த பணத்தை அங்க போடுங்க, இன்னொரு டோர்னமென்ட்டுக்கு வேண்டாம்.

இப்போ வயசு, உங்க விஷயத்துல இது ரொம்ப முக்கியம். பையன் நவம்பர்ல பொறந்தவன். மைனர் ஹாக்கியில (சின்னப் பசங்க ஹாக்கி) வயசுப் பிரிவுக்கு ஜனவரி 1 கணக்கு, அதனால சின்ன வயசுலேர்ந்து தன்னை விட பத்து மாசம் பெரிய பசங்களோட போட்டி போட்டுட்டு வர்றான், 15 வயசுல பத்து மாசம்ங்கறது சின்ன விஷயமா? என்எச்எல் ட்ராஃப்ட்ல (டீம்கள் முறை வெச்சு இளம் ஆட்டக்காரங்களை எடுக்கறது) கணக்கு மாறிடும், அங்க செப்டம்பர் 15-க்குள்ள 18 முடியணும், நவம்பர் பையன் அடுத்த வருஷ பசங்களோடதான் போவான், அங்க இவன்தான் பெரியவங்கள்ல ஒருத்தன். என்எச்எல் டிஃபென்ஸ்மேன் கேல் மக்கார் 1998 அக்டோபர்ல பொறந்தவர், 2017-லதான் ட்ராஃப்ட் ஆனார், அதுவும் ஓஎச்எல் மாதிரி மேஜர் ஜூனியர் ஆடாம ஆல்பர்ட்டாவுல அதுக்கு ஒரு படி கீழ இருக்கற ஜூனியர் ஏ ஆடி, அப்புறம் மாசசூசெட்ஸ் காலேஜ் வழியா போனவர். 2022-ல என்எச்எல் சாம்பியன் கோப்பையான ஸ்டான்லி கப்பும் நாரிஸும் ஒரே வருஷம்.

டிஃபென்ஸ்மேன் லேட்டாத்தான் பழுப்பாங்க. லிட்ஸ்ட்ரோம் 1989-ல 53-வது ஆளா எடுக்கப்பட்டவர், ஏழு நாரிஸ் வாங்குனார். ஆடம் ஃபாக்ஸ் 2016-ல 66-வது. மார்க் ஜியோர்டானோவை யாருமே ட்ராஃப்ட் பண்ணல, 2019-ல நாரிஸ் அவர் கையில. ஸ்கவுட்டுங்களே இந்த பொசிஷன்ல இவ்வளவு தப்பு பண்றாங்கன்னா 15 வயசுல வந்த ஒரு லிஸ்ட்டை வெச்சு நீங்க ஏன் முடிவெடுக்கறீங்க? செலக்‌ஷன்ல பேர் வராத பசங்களையும் கேம்ப்புக்கு கூப்பிடறது உண்டு.

ஆனா இந்த பேரையெல்லாம் சொல்லி உங்களுக்கு ஆசை காட்டவும் நான் விரும்பல. என்எச்எல் ட்ராஃப்ட்ல ஏழு ரவுண்டு, 32 டீம், வருஷத்துக்கு 224 பேர், அது உலகம் முழுக்க எல்லா பொசிஷனும் சேர்த்து, அதுலயும் பாதிக்கு மேல என்எச்எல்ல நிலைக்க மாட்டாங்க. அதனால என்எச்எல் போவானான்னு கேட்கறத விட, இந்த ஆட்டம் அவன் படிப்புக்கு ஒரு வழி திறக்குமான்னு கேளுங்க, அதுக்கு என்னால தெளிவா பதில் சொல்ல முடியும். முன்னாடி ஓஎச்எல் மாதிரி மேஜர் ஜூனியர்ல ஆடிட்டா அமெரிக்க காலேஜ் ஹாக்கி கதவு கிட்டத்தட்ட சாத்திக்கும், அந்த விதியை 2024 நவம்பர்ல மாத்திட்டாங்க, 2025 ஆகஸ்ட் 1-லேர்ந்து அங்க ஆடுனவங்களும் அமெரிக்க காலேஜ் ஆட்டத்தோட மேல்மட்டமான என்சிஏஏ டிவிஷன் ஒன்ல ஆடலாம். இதனால வழி கூடியிருக்கு, அதே அளவுக்கு போட்டியும் கூடியிருக்கு, மேஜர் ஜூனியர்லேர்ந்து வர்ற 20 வயசு பையனோட உங்க பையன் அதே சீட்டுக்கு நிக்கணும். மார்க் நல்லா இருந்தா அங்க உதவும், அதனால கணக்கு பாடத்தை விட்டுட்டு டோர்னமென்ட் போற பேச்சே வேண்டாம். ஓஎச்எல் டீம் ஏதாவது கூப்பிட்டா படிப்புச் செலவுக்கு என்ன குடுப்பாங்க, எத்தனை வருஷத்துக்கு, எப்போ காலாவதி ஆகும், எல்லாத்தையும் எழுத்துல வாங்கிட்டுத்தான் கையெழுத்து போடணும்.

எப்போ நிறுத்தலாம்னு கேட்டீங்க, அதுக்கும் நேராவே சொல்றேன். ரெண்டு சீசன் கழிச்சும் அதே கார்னர்ல அதே பயம் இருந்தா, தான் ஆடுன வீடியோவை தானா உக்காந்து பார்க்க அவனுக்கு ஆர்வமே இல்லைன்னா, காலைல நீங்க எழுப்பினாத்தான் ப்ராக்டிஸ் போவான்னா, அப்போ இது உங்க ஆசையா அவன் ஆசையான்னு வீட்ல உக்காந்து பேசுங்க. திட்டாம பேசுங்கம்மா, கார்ல மேட்ச் முடிஞ்சு வர்றப்போ வேண்டவே வேண்டாம்.

இப்போதைக்கு இந்த சீசன் தொடக்கத்துல ஒரு மேட்ச், இப்போ ஒரு மேட்ச், ரெண்டுலயும் அவனோட ஷிப்ட் (ஒவ்வொரு தடவையும் அவன் ஐஸ்ல இறங்கி ஆடற நேரம்) மட்டும் வெட்டி எடுங்க. கோல் அடிச்ச க்ளிப் மட்டும் தொகுத்த ஹைலைட் வேண்டாம், சொதப்புனதும் இருக்கட்டும். அப்புறம் கோச்கிட்ட போய் "என் பையன் எப்படி ஆடறான்"னு கேட்காதீங்க, நல்லா ஆடறான்னு சொல்லி அனுப்பிடுவார். கடைசி ரெண்டு நிமிஷம், ஒரு கோல் முன்னிலையில இருக்கோம், அப்போ இவனை இறக்குவீங்களா, இல்லைன்னா ஏன்னு கேளுங்க. அவர் சொல்றதை அப்படியே எழுதி அந்த ரெண்டு வீடியோவோட எனக்கு அனுப்புங்க, ஸ்டிக்கை எந்தப் பக்கம் பிடிச்சு அடிக்கறான், ரைட் ஷாட்டா லெஃப்ட் ஷாட்டான்னும் சொல்லுங்க, ரைட் ஷாட் டிஃபென்ஸ் பசங்க கம்மி, அதனால டீம்களோட தேடலே வேற மாதிரி இருக்கும்.